ஜோ ஸ்ட்ரம்மரின் அரசியல் வேஷமா, நிஜமா?

கேள்வி: “தி கிளாஷ் இசைக்குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரை உழைக்கும் மக்களின் குரல் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் தூதரக அதிகாரியின் மகன், போர்டிங் ஸ்கூலில் படித்தவர், பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர். அவருடைய அரசியலை எப்படி நம்புவது?”

நியாயமான கேள்வி. 1976-லிருந்தே அவரிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறப்பை வைத்து ஒருவரை அளந்தால் ஸ்ட்ரம்மர் தேறமாட்டார். ஆனால் அவர் யாருடைய மேடையில் ஏறினார், கையிலிருந்து எதை விட்டுக்கொடுத்தார், தப்பு செய்தபோது என்ன செய்தார் என்று பார்த்தால் வேறொரு மனிதர் தெரிவார். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் பாட்டைக் கேட்டுவருகிறேன். அந்த மனிதரைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். 1952 ஆகஸ்ட் 21 அன்று துருக்கியின் அங்காராவில் பிறந்தார். அப்பா ரொனால்ட் மெல்லர் நம் லக்னோவில் பிறந்தவர். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் கீழ்நிலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். அம்மா அன்னா, ஸ்காட்லாந்து மலைநாட்டு விவசாயக் குடும்பத்துப் பெண், நர்ஸ். “தூதரக அதிகாரியின் மகன்” என்றதும் மாளிகையும் பட்லரும் மனசில் வரும். அந்த வீடு அப்படியில்லை. சர்ரே மாவட்டத்தில் ஒரு சாதாரண ஒற்றைத்தளப் பங்களாதான் அவர்களுக்குச் சொந்தம்.

கெய்ரோ, மெக்சிகோ சிட்டி, பான் என்று ஊர் ஊராகப் போன குழந்தைப் பருவம் ஒன்பது வயதில் முடிந்தது. ஜானையும் அண்ணன் டேவிட்டையும் இங்கிலாந்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் பெற்றோர் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதன்பிறகு பெற்றோரைப் பார்ப்பதே அபூர்வம். அந்த ஹாஸ்டலில் அடி வாங்க வேண்டும் அல்லது அடிக்க வேண்டும் என்ற நிலையில், ஜான் வாயாடியாக, ரவுடியாகத் தப்பித்துக்கொண்டார். டேவிட் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே போனார். பேச்சு குறைந்தது. குடியேறிகளை விரட்ட வேண்டும் என்ற நேஷனல் ஃபிரண்ட் கட்சியில் சேர்ந்தார். 1970 ஜூலையில் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். உடலை அடையாளம் காட்டப் போனது பதினேழு வயதுத் தம்பி.

ஸ்ட்ரம்மரின் இனவெறி எதிர்ப்புக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இதைப் பற்றி அதிகம் பேசியதுமில்லை. ஆனால் அடுத்த எட்டு வருஷத்துக்குள் அதே கட்சிக்கு எதிரான மிகப் பெரிய மேடையில் அவர் ஏறியபோது, அந்தக் கட்சி அவருக்குப் பத்திரிகைச் செய்தி மட்டுமல்ல. ஒருகாலத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனின் கட்சி. இதை மறந்துவிட்டு அவர் அரசியலைப் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

லண்டன் ஓவியக் கல்லூரியில் கொஞ்ச நாள் படித்தார். பிறகு சுரங்க ரயில் நிலையங்களில் பாடிக் காசு சேர்த்தார். வேல்ஸில் நியூபோர்ட் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பாடகர் வுடி கத்ரி மேலிருந்த பிரியத்தில் அப்போது தன் பெயரையே “வுடி” என்று வைத்துக்கொண்டிருந்தார். திரும்ப லண்டன் வந்து, வால்ட்டர்டன் ரோடு 101-ஆம் எண் வீட்டில் குடியேறினார். வாடகை கிடையாது. இடிக்கப்போகும் காலி வீடுகளில் இளைஞர்கள் புகுந்து குடியிருந்த காலம் அது. வீட்டு எண்ணே இசைக்குழுவின் பெயரானது: தி 101'எர்ஸ். 1974 செப்டம்பரில் பிரிக்ஸ்டனில் ஒரு பப்பில் அவர்களுடைய முதல் கச்சேரி. அது எதற்கு நடந்தது தெரியுமா? சிலியில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத்தை எதிர்ப்பவர்களுக்கு நிதி திரட்ட. பங்க் என்ற சொல், அதாவது முரட்டு வேகமும் கலகக் குரலும் கொண்ட ராக் இசையின் பெயர், லண்டனில் புழங்குவதற்கு முன்பு, ரெக்கார்டு கம்பெனி எதுவும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பு நடந்த விஷயம் இது. வேஷம் என்பவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய கிதாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியுரிமைக்காகக் கல்யாணம் தேவைப்பட்ட ஒரு தென்னாப்பிரிக்கப் பெண்ணை 1975-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதற்குக் கிடைத்த 100 பவுண்டு ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டர் வாங்க உதவியது. பிற்பாடு அதற்குக் கறுப்பு பெயின்ட் அடித்தார். கடைசி வரைக்கும் அதே கிதார்தான். போகப்போகப் பெயின்ட் உரிந்து உள்ளே மரம் தெரிந்தது. ஸ்ட்ரம்மர் இடதுகைக்காரர். ஆனால் வலதுகைக்காரர் போலவே கிதார் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் விரல் நுணுக்கம் அவருக்குக் கைவரவில்லை. ஆறு கம்பியையும் சேர்த்து அறைவதுதான் அவர் வாசிப்பு. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரம்’ என்றால் கம்பிகளைச் சேர்த்து மீட்டுவது; ‘ஸ்ட்ரம்மர்’ என்ற பெயரே அதனால் வந்தது. கம்பியில் உரசி ரத்தம் வருமென்று வலது முன்கையில் டேப் சுற்றிக்கொண்டுதான் மேடை ஏறுவார். பழைய வீடியோக்களில் கையையும், விடாமல் தாளம் போடும் இடது காலையும் பாருங்கள்.

1976 ஏப்ரலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் இவர் குழுவுக்கு முன்கச்சேரியாக வாசித்தார்கள். அதைப் பார்த்ததும் தன் குழு பழசாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சில வாரங்களில் மிக் ஜோன்ஸ், பால் சிமோனன் ஆகியோருடன் தி கிளாஷ் உருவானது. அந்த ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வெடித்தபோது ஸ்ட்ரம்மரும் சிமோனனும் அங்கே நின்றார்கள். அதிலிருந்து பிறந்தது 1977 மார்ச்சில் வந்த ‘வைட் ரயட்’. கறுப்பினத்தவர் தங்கள் கோபத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள், நாம் பள்ளிக்கூடத்தில் கற்ற அடக்கத்தோடு வாய்மூடி இருக்கிறோம் என்று தன் இனத்து இளைஞர்களைக் குத்திய பாட்டு. தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு இது வெள்ளையர் கலவரத்துக்கு அழைப்பு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தலைப்பு கவனக்குறைவானது என்றே நான் நினைக்கிறேன்.

இனி 1978 ஏப்ரல் 30. பின்னணி வேண்டும். 1976 ஆகஸ்டில் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில், குடியேறிகளுக்கு எதிராகவும் ஈனக் பவல் என்ற அரசியல்வாதிக்கு ஆதரவாகவும் பேசினார். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையால் வாழ்ந்த ஒருவர் பேசிய பேச்சு. ஆத்திரப்பட்ட ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து ‘ராக் அகென்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. பயம் வெறும் கற்பனை அல்ல. 1977 லண்டன் பெருநகர கவுன்சில் தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் 1 லட்சத்து 19 ஆயிரம் வாக்கு வாங்கியிருந்தது. இயக்கமும் நாஜி எதிர்ப்பு முன்னணியும் சேர்ந்து, டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஹாக்னியின் விக்டோரியா பார்க் வரை ஊர்வலம் விட்டன. அந்தப் பகுதி நேஷனல் ஃபிரண்ட் செல்வாக்கு பெற்று வந்த கிழக்கு லண்டன். எண்பதாயிரம் பேருக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு. ஊர்வலம் முடிந்த பார்க்கில் கச்சேரி: ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு, இவர்களோடு தி கிளாஷ். அந்தக் கூட்டத்தில் நின்ற பில்லி பிராக் என்ற இளைஞர், தன் அரசியல் அங்கேதான் தொடங்கியது என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் முக்கியமான அரசியல் பாடகர்களில் ஒருவராக அவர் வளர்ந்தார்.

அன்றைக்கு ஸ்ட்ரம்மர் போட்டிருந்த சிவப்பு டிஷர்ட்டையும் சொல்லியாக வேண்டும். அதில் இத்தாலியின் ஆயுதக் குழுவான சிவப்புப் படையின் பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு. அந்த நேரத்தில் அந்தக் குழு முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி அடைத்து வைத்திருந்தது. கடத்தியபோதே ஐந்து காவலர்களைக் கொன்றிருந்தது. விக்டோரியா பார்க் கச்சேரி முடிந்து ஒன்பதாவது நாள் மோரோவின் உடல் ரோம் நகரில் ஒரு காரின் பின்பெட்டியில் கிடந்தது. கொலையை ஃபேஷனாக மார்பில் மாட்டிக்கொள்வதற்குச் சமாதானமே கிடையாது. உங்கள் கேள்வியில் உள்ள ‘வேஷம்’ என்ற சொல் இந்த ஒரு டிஷர்ட்டுக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே வருஷம் ஜூனில் வந்த ‘வைட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே’ பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாமர்ஸ்மித் பாலே என்ற லண்டன் அரங்கில் ஜமைக்கப் பாடகர்களின் இரவுக் கச்சேரி ஒன்றுக்குப் போகிறார். அரங்கம் முழுக்கக் கறுப்பின இளைஞர்கள். இவரைப் போன்ற வெள்ளையர் மிகச் சிலர். புரட்சி இசை கேட்கலாம் என்று போனவருக்கு மேடையில் கிடைத்தது பளபளப்பான கேளிக்கை நிகழ்ச்சி. ஏமாற்றத்தில் தொடங்கும் பாட்டு, தன் எதிர்பார்ப்பே அபத்தம் என்று உணர்கிறது. அவர்கள் எனக்காக ஏன் புரட்சி நடத்த வேண்டும்? அங்கிருந்து திரும்பி, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கலகத்தைக் காசாக்கும் சக பங்க் குழுக்களைச் சாடுகிறது. ஹிட்லரே வந்து இறங்கினாலும் கார் அனுப்பி வரவேற்பார்கள் என்று தன் நாட்டைச் சொல்கிறது. தன்னையே நிறுத்திக் கேள்வி கேட்கும் இப்படியொரு பாட்டை எழுதிய இருபத்தைந்து வயதுக்காரர் வேறு யாரும் அந்த வட்டாரத்தில் இல்லை.

1979 ஏப்ரல் 23 அன்று, பஞ்சாபிகள் நிறைந்த லண்டன் சவுத்ஹாலில் நேஷனல் ஃபிரண்ட் கூட்டம் போட்டது. எதிர்த்து மக்கள் திரண்டார்கள். போலீஸ் அடியில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். நூற்றுக்கணக்கான பேர், பெரும்பாலும் நம் ஊர் வம்சாவளியினர், கைதானார்கள். அவர்களுடைய வழக்குச் செலவுக்காக ஜூலையில் ரெயின்போ அரங்கில் நடந்த கச்சேரிகளில் தி கிளாஷ் வாசித்தது. கூட்டம் பெரிதாகத் திரளும் விழாவுக்குப் போவது வேறு, கோர்ட்டுச் செலவுக்குப் பணம் சேர்க்கப் போவது வேறு.

சரி, கம்பெனி விவகாரம். 1977 ஜனவரியில் சிபிஎஸ் கம்பெனியோடு 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம். பங்க் அன்றே செத்துவிட்டது என்று ஒரு பங்க் பத்திரிகையாளர் எழுதினார். ஆனால் அதே கம்பெனியோடு அவர்கள் நடத்திய பேரத்தைப் பாருங்கள். ‘லண்டன் காலிங்’ ஆல்பம் 1979 டிசம்பரில் வந்தபோது இரண்டு இசைத்தட்டு, ஒரு தட்டின் விலை. இலவசமாக ஒரு சின்னத் தட்டு சேர்க்கிறோம் என்று கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதில் ஒன்பது பாட்டை நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ‘சாண்டினிஸ்டா!’: மூன்று தட்டு, 36 பாட்டு, விலை 5.99 பவுண்டு. இந்தத் தடவை கம்பெனி ஏமாறவில்லை. பிரிட்டனில் முதல் 2 லட்சம் பிரதிகளுக்கு ராயல்டி வேண்டாம் என்று குழு எழுதிக் கொடுத்த பிறகுதான் விலை குறைந்தது. தங்கள் கூலியை விட்டுக்கொடுத்து வாங்குபவரின் பாக்கெட்டைக் காப்பாற்றினார்கள். கடனில் இருந்த குழு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் அந்த மூன்று தட்டையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பாடல் வரிகளைச் செய்தித்தாள் மாதிரி அச்சடித்து, கேலிச்சித்திரங்களோடு உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். அட்டையில் கம்பெனி வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்எஸ்எல்என்1’. 1979 ஜூலையில் நிகராகுவா சர்வாதிகாரி சோமோசாவை விரட்டிய சாண்டினிஸ்டா முன்னணியின் ஸ்பானிய எழுத்துச் சுருக்கம் அது. அமெரிக்கக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் அந்தப் பெயரையே ஏற்றிவிட்டார்கள். அதில் ‘வாஷிங்டன் புல்லட்ஸ்’ என்ற பாட்டில் சிலியில் கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாரா வருகிறார், கியூபா வருகிறது, நிகராகுவா வருகிறது. அதோடு நிறுத்தாமல், ஆப்கானிஸ்தானில் ரஷ்யத் துப்பாக்கி, திபெத்தில் சீனா, கடைசியில் தன் சொந்த பிரிட்டன் என்று எல்லாரையும் கேட்கிறது. அந்தக் கால இடதுசாரிகளில் பலர் மாஸ்கோவைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். ஸ்ட்ரம்மர் திறந்தார். இரண்டே வருஷத்தில் இத்தாலிய டிஷர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்!

1982-இல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ அவருடைய உச்சம் என்பேன். ஆலைகள் மூடிக்கிடக்கும் வட இங்கிலாந்து ஊரில், ஆங்கிலம் தடுமாறும் குடியேறிக்கு இங்கே இடமில்லை என்ற பதில். பிறகு வியட்நாமில், அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தை, அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் போட்டோவைப் பிடித்துக்கொண்டு தன்னையும் அழைத்துப் போகச் சொல்கிறது. அதற்கும் அதே பதில். உரக்கக் கத்திச் சொல்லும் வார்த்தை ஒன்றும் இல்லை; டிரம்ஸின் மெதுவான அசைவில் முணுமுணுப்பாகவே போகும். 25 வருஷம் கழித்து அந்தப் பாட்டின் கிதார் இழையை எடுத்து ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தவர் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி அகதியாகத் திரும்பிய தமிழ்ப்பெண். விசாவுக்கு அலையும் குடியேறியை உலகம் எப்படிப் பார்க்கிறது என்ற பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இழை கிடைத்திருக்காது. அந்தப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயரோடு தி கிளாஷ் நால்வர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

இதற்குப் பின் வந்தது சறுக்கல். ஹெராயினில் சிக்கிய டிரம்மர் டாப்பர் ஹெடனை 1982-இல் வெளியே அனுப்பினார்கள். 1983 செப்டம்பரில் மிக் ஜோன்ஸையும் நீக்கினார்கள். ஒற்றுமையைப் பாடியவருக்கு நாலு பேரைச் சேர்த்து வைத்திருக்க முடியவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு வருத்தம் தருவது அந்த டிஷர்ட்டைவிட இதுதான். 1985-இல் ஜோன்ஸைத் தேடி பஹாமாஸ் வரைக்கும் போனார். மன்னிப்பு கேட்டார், திரும்பி வா என்றார். ஜோன்ஸ் வரவில்லை, ஆனால் அடுத்த வருஷம் ஜோன்ஸின் புதுக் குழுவின் ஆல்பத்தில் இருவரும் உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள். செய்த தவறைத் தேடிப் போய் ஒத்துக்கொள்ளும் குணம் அவரிடம் இருந்தது.

அந்தக் கசப்பான நாட்களிலும் 1984 டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக பிரிக்ஸ்டனில் இரண்டு நாள் நிதிக் கச்சேரி நடத்தினார். 1987-இல் ‘வாக்கர்’ படத்துக்கு இசையமைக்க, உள்நாட்டுப் போர் ஓய்ந்திராத நிகராகுவாவுக்கே போனார். அதில் ஒரு சின்ன வேஷமும் நடித்தார். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை வானொலி தி கிளாஷின் ‘ராக் த காஸ்பா’ பாட்டை ஒலிபரப்பியது, ஈராக்கில் போட இருந்த குண்டு ஒன்றில் அந்தத் தலைப்பை எழுதியிருந்தார்கள் என்ற செய்தியும் வந்தது. அது அவரை உடைத்துவிட்டது என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பெரும்பகுதி அவர் ஆல்பமே போடவில்லை.

1999-இல் மெஸ்கலெரோஸ் என்ற தன் புதுக் குழுவோடு திரும்பினார். 2001-இல் வந்த ‘பிண்டி பாஜி’ பாட்டைத் தவறவிடாதீர்கள். நியூசிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒருவர் தெருவில் நிறுத்தி, ஆங்கிலேயரின் மசித்த பட்டாணி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். அது இங்கே கிடைக்காது, ஆனால் பால்ட்டி என்ற கறி இருக்கிறது, வெண்டைக்காய் இருக்கிறது என்று கடைத்தெருவின் சாப்பாட்டையெல்லாம் அடுக்குகிறார் ஸ்ட்ரம்மர். அண்ணனின் கட்சிக்கு அவர் சொன்ன பதில்களில் எனக்கு மிகப் பிடித்தது இந்த வெண்டைக்காய்ப் பாட்டு.

2002 நவம்பரில் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் ஆண்டுக்கு 30 ஆயிரம் பவுண்டு சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1977-க்குப் பிறகு நாடு முழுக்க நடந்த முதல் தீயணைப்பு வேலைநிறுத்தம். நவம்பர் 15 அன்று மேற்கு லண்டனில் ஆக்டன் டவுன் ஹாலில் அவர்களுக்காக நிதிக் கச்சேரி. ஸ்டேடியம் அல்ல, ஊராட்சி மண்டபம் போன்ற இடம். பார்வையாளர்களில் ஒருவராக மிக் ஜோன்ஸ் வந்திருந்தார். கடைசிச் சுற்றில் தி கிளாஷின் பழைய பாட்டு ‘பேங்க் ராபர்’ தொடங்கியதும் அவருக்குக் கீழே நிற்க முடியவில்லை. மேடையேறி ஒரு கிதாரை மாட்டிக்கொண்டார். முன்கூட்டிப் பேசி வைத்ததல்ல. பத்தொன்பது வருஷம் கழித்து இருவரும் ஒரே மேடையில். ‘வைட் ரயட்’டும் ‘லண்டன்ஸ் பர்னிங்’கும் வாசித்து முடித்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, சாமர்செட்டில் தன் வீட்டில் ஸ்ட்ரம்மர் இறந்தார். வயது ஐம்பது. பிறவியிலேயே இதயத்தில் இருந்த குறை, யாரும் கண்டுபிடிக்காமல் போயிருந்தது. லண்டனில் கென்சல் கிரீனில் நடந்த இறுதிச் சடங்குக்கு, சம்பளப் போராட்டம் இன்னும் முடியாத நிலையில், தீயணைப்பு வீரர்கள் சீருடையில் வந்து சவப்பெட்டிக்கு அணிவகுத்து நின்றார்கள்.